ஆர்கேட் கேபினெட்டை வெட்டாமல் பல விளையாட்டு எமுலேட்டராக மாற்றுவது எப்படி?

1980, 90களில் காசு போட்டு விளையாடிய ஆர்கேட் கேபினெட்டைத் திறந்தால், உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு விளையாட்டுதான் இருக்கும். விளையாட்டு என்பது ஒரு சர்க்யூட் போர்டு. அதைச் சுற்றி மரப்பெட்டி, பிக்சர் டியூப் மானிட்டர், ஜாய்ஸ்டிக், பட்டன்கள், பவர் சப்ளை, காசு போடும் கதவு. போர்டை மட்டும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சிறு கணினியை வைத்து எமுலேட்டர் மென்பொருளை ஓடவிட்டால், நூற்றுக்கணக்கான பழைய விளையாட்டுகளை அதே பெட்டியில் ஆடலாம். பழைய போர்டில் இருந்த பிராசசரும் சவுண்டு சிப்பும் வீடியோ சர்க்யூட்டும் எப்படி வேலை செய்தனவோ, அதை எமுலேட்டர் மென்பொருளாலேயே செய்துகாட்டுகிறது. போர்டின் ரோம் சிப்புகளில் இருந்த நிரலையும் படங்களையும் கோப்பாக எடுத்துக் கொடுத்தால், அது பழைய போர்டில் ஓடுவதாக நினைத்துக்கொண்டே ஓடும்.

இந்த வேலையில் இறங்குபவர்கள் பலர் முதல் நாளிலேயே வயர்களை வெட்டி, மானிட்டரைத் தூக்கிப் போட்டு, பேனலில் புதிதாகப் பத்து ஓட்டை போட்டுவிடுகிறார்கள். அதில் எதையும் திரும்பப் பெற முடியாது. அந்த டியூப்களை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. நல்ல கேபினெட்டுகளும் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால் இங்கே சொல்லும் முறைக்கு ஒரே விதிதான்: பெட்டியின் சொந்த வயரிங் தொடாமல் இருக்கட்டும், போர்டு செருகியிருந்த கனெக்டருக்கு மறுபக்கம் மட்டும் மாறட்டும். வேண்டாம் என்று தோன்றும் நாளில் பத்து நிமிடத்தில் பழைய போர்டைத் திரும்பச் செருக முடிய வேண்டும்.

எந்தப் பெட்டி ஏற்றது?

1990களின் அமெரிக்கப் பொதுக் கேபினெட்டுகள் இதற்கு மிகப் பொருத்தம். 19 அங்குல மானிட்டரும் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் கொண்ட இவை போர்டை அடிக்கடி மாற்றுவதற்கென்றே கட்டப்பட்டவை. ஒரே விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட, இன்னும் ஓடுகிற 1980ஆம் ஆண்டு பேக்-மேன் போன்ற பெட்டி கிடைத்தால் அதை மாற்றாதீர்கள். அதைப் பழுது பார்த்து அப்படியே வைத்திருப்பதுதான் நியாயம். ஆஸ்டராய்ட்ஸ் (1979), டெம்பெஸ்ட் (1981) போன்றவற்றில் இருப்பது வெக்டர் மானிட்டர். அது வரிவரியாகப் படம் வரையாது. கோடுகளை நேரடியாக இழுக்கும். சாதாரணக் கணினியின் வீடியோ சிக்னலை அதில் கொடுத்தால் எதுவும் தெரியாது. டாங்கி காங் காலத்து நின்டெண்டோ மானிட்டர்களோ வண்ண சிக்னலைத் தலைகீழாக எதிர்பார்ப்பவை. தொடக்கக்காரர் இவை எல்லாவற்றையும் தவிர்ப்பது நல்லது.

மின்சாரத்தையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அமெரிக்கப் பெட்டி 110–120 வோல்ட்டுக்கும், ஜப்பானியப் பெட்டி 100 வோல்ட்டுக்கும் கட்டப்பட்டவை. இந்தியா, இலங்கை போன்ற 230 வோல்ட் நாடுகளில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிளக்கைச் செருகவே கூடாது.

ஜாமா கனெக்டர்

1985 வாக்கில் ஜப்பானிய ஆர்கேட் தயாரிப்பாளர் சங்கம் ஒரு பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. சங்கத்தின் பெயர்ச் சுருக்கமான ஜாமா என்பதே தரத்தின் பெயருமாயிற்று. போர்டின் ஓரத்தில் பக்கத்துக்கு 28 வீதம் 56 தொடர்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இடையே 3.96 மி.மீ. தூரம். பெட்டியின் எல்லா வயர்களும் இந்த ஒரே கனெக்டரில் வந்து சேரும். 1, 2ஆம் பின்கள் கிரவுண்டு. 3, 4 பின்கள் +5 வோல்ட். 5ஆவது −5 வோல்ட், 6ஆவது +12 வோல்ட். 12ஆவது சிவப்பு, 13ஆவது நீலம், 14ஆவது படத்தின் வரிகளையும் ஃபிரேம்களையும் ஒழுங்காகத் தொடங்கவைக்கும் சிங்க் சிக்னல். பச்சை மட்டும் போர்டின் மறுபக்கத்தில், N என்ற ஆங்கில எழுத்தால் குறித்த பின்னில் இருக்கும். அதற்கு அடுத்த P வீடியோ கிரவுண்டு. 16ஆவது காசு, 17ஆவது ஸ்டார்ட், 18 முதல் 21 வரை ஜாய்ஸ்டிக்கின் நான்கு திசைகள், 22 முதல் 24 வரை மூன்று பட்டன்கள். இவை முதல் ஆட்டக்காரருக்கு; மறுபக்கத்தில் நேர் எதிரே இருப்பவை இரண்டாமவருக்கு.

7ஆவது இடத்தில் பின் இருக்காது. அங்கே சின்ன பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். கனெக்டர் தலைகீழாக நுழையாமல் காப்பது அதுதான். பழைய கனெக்டர்களில் இந்தத் தடுப்பு விழுந்திருக்கும். அப்படியே திருப்பிச் செருகிவிட்டால் 12 வோல்ட் நேராகப் பட்டன் உள்ளீட்டில் பாய்ந்து சிப்பைப் பொசுக்கிவிடும். தடுப்பு இல்லையென்றால் வேறு எதையும் செய்வதற்கு முன் புதிதாக ஒன்றை வைத்துவிடுங்கள்.

தொடர்புத் தகடுகள் கறுத்துப்போயிருந்தால் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ஒரு நிறம் மட்டும் வராததற்கும், ஒரு திசை மட்டும் வேலை செய்யாததற்கும் காரணம் பல நேரம் இந்த அழுக்குதான்.

1985க்கு முந்தைய பெட்டியில் ஜாமா இருக்காது. அந்தந்த மாடலுக்கான அடாப்டர் விற்கிறார்கள். வயரை வெட்டி ஜாமா பொருத்துவதைவிட அதை வாங்குவது மேல்.

மானிட்டரைத் தொடும் முன்

பிக்சர் டியூபின் பக்கவாட்டில், ரப்பர் மூடிக்குக் கீழே இருப்பது ஆனோடு. 19 அங்குலக் கலர் டியூபில் அங்கே 20,000 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அந்த மின்னூட்டத்தைப் பிடித்துவைத்திருக்கும். மானிட்டரின் சர்க்யூட் போர்டான சேசிஸில் உள்ள பெரிய ஃபில்டர் கெபாசிட்டரும் அப்படியே. இதற்கு முன் சி.ஆர்.டி. (பிக்சர் டியூப்) வேலை செய்திராதவர் என்றால், பழைய டிவி பழுது பார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டரை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுவது இந்த முறையின் இன்னொரு லாபம்: ஆனோடுக்குப் பக்கத்தில் கையே போக வேண்டியதில்லை. டியூபின் கழுத்து மிக மெல்லிய கண்ணாடி; பின்பக்கம் வேலை செய்யும்போது ஸ்குரூடிரைவர் தட்டினாலே போதும், டியூப் போய்விடும்.

பெட்டியின் அடியில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று திருகியிருக்கும். பழைய மானிட்டர் சேசிஸ்கள் பலவற்றின் கிரவுண்டு மெயின்ஸோடு நேரடித் தொடர்பு கொண்டது. இந்த ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் அதைப் பிரித்துவைக்கிறது. வீண் எடை என்று அதைக் கழற்றிவிட்டு மானிட்டரை நேராக மெயின்ஸில் கொடுத்தால், வீடியோ வயரின் கிரவுண்டு வழியாக உங்கள் கணினியும் போகும், பெட்டியைத் தொடுபவர் உயிருக்கும் ஆபத்து. காசுக் கதவு, உலோகப் பேனல் எல்லாம் எர்த் வயரோடு சேர்ந்திருக்கின்றனவா என்பதையும் மல்டிமீட்டரில் பாருங்கள்.

ஏன் கணினியை நேராக இணைக்க முடியாது?

தொடக்கக்காரர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆர்கேட் மானிட்டர் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 262 வரிகள் வரையும். விநாடிக்கு 60 ஃபிரேம். பெருக்கினால் விநாடிக்கு 15,720 வரிகள். இதைத்தான் 15 கிலோஹெர்ட்ஸ் மானிட்டர் என்கிறார்கள். கணினியின் வி.ஜி.ஏ. சிக்னலில் ஃபிரேமுக்கு 525 வரிகள்; விநாடிக்கு 31,500. இதை 15 கிலோஹெர்ட்ஸ் மானிட்டரில் கொடுத்தால் படம் கோணல்மாணலாக, இரண்டு மூன்றாக உடைந்து தெரியும். அப்படியே விட்டால் சில சேசிஸ்களில் ஹரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் எரிந்துவிடும். அந்தக் காட்சியைக் கண்டதும் உடனே ஸ்விட்சை அணையுங்கள்.

சிக்னலின் வலுவும் வேறு. கணினி கொடுப்பது 0.7 வோல்ட், ஆர்கேட் மானிட்டர் எதிர்பார்ப்பது அதைப்போலப் பல மடங்கு. இடையில் வீடியோ ஆம்ப்ளிஃபையர் இல்லையென்றால் படம் மங்கி, இருளடித்துக் கிடக்கும். மூன்றாவதாக, கணினி கிடைமட்ட சிங்க்கையும் செங்குத்து சிங்க்கையும் தனித்தனி வயரில் அனுப்பும். ஜாமாவில் இரண்டும் சேர்ந்து ஒரே வயரில் போக வேண்டும். அதிர்வெண், வலு, சிங்க் ஆகிய மூன்றையும் தீர்க்கும் பொருள்தான் உங்களுக்குத் தேவை. அதற்கு வழிகள் உண்டு.

முதல் வழி ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி. அதன் ஜி.பி.ஐ.ஓ. இணைப்புப் பின்கள்மேல் உட்காரும் பை டூ ஜாமா வகைப் பலகை வீடியோவைப் பின்களிலிருந்து நேராக 15 கிலோஹெர்ட்ஸில் எடுத்து, மறுமுனையில் ஜாமா ஓரத்தோடு வரும். கனெக்டரைச் செருகினால் படம், ஒலி, பட்டன்கள், 5 வோல்ட் எல்லாம் ஒரே இடத்தில். எந்த மாடல் பைக்குப் பலகை செய்யப்பட்டது என்று பார்த்து வாங்குங்கள். வீடியோ ஜி.பி.ஐ.ஓ. பின்களில் பெரும்பாலானவற்றை எடுத்துக்கொள்ளும் என்பதால் வேறு எதையும் அவற்றில் சேர்க்க நினைக்காதீர்கள். 80களின் விளையாட்டுகளுக்கும் 90களின் இரு பரிமாண விளையாட்டுகளுக்கும் பை போதும். 90களின் நடுவில் வந்த முப்பரிமாண விளையாட்டுகளில் அது திணறும்.

இரண்டாவது, கணினியோடு அல்டிமார்க் நிறுவனத்தின் ஜே-பேக் பலகை. இது வீடியோவைப் பெருக்கி, சிங்க்கைச் சேர்த்து, பட்டன்களை யு.எஸ்.பி. கீபோர்டு எழுத்துகளாகக் கணினிக்கு அனுப்பும். அதிர்வெண் கூடினால் சிங்க்கை நிறுத்தி மானிட்டரைக் காப்பாற்றும். ஆனால் 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை அது உருவாக்காது. அதைக் கிராபிக்ஸ் கார்டுதான் கொடுக்க வேண்டும். பழைய ரேடியான் கார்டுகளுக்கான சி.ஆர்.டி. எமுடிரைவரும், அதோடு மேம் என்ற ஆர்கேட் எமுலேட்டரின் ஒரு வடிவமான குரூவிமேமும் இதற்கெனவே உள்ளவை. குரூவிமேம் ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதன் சொந்த வேகத்திலேயே சிக்னலை மாற்றிக் கொடுக்கும். ஆர்-டைப் விநாடிக்கு 55 ஃபிரேம், மோர்ட்டல் காம்பாட் ஏறத்தாழ 54.7. சி.ஆர்.டி.யில் அந்த வேகத்திலேயே பார்க்கும்போது நகரும் பின்னணி வழுக்கிக்கொண்டு போகும். 60இல் பூட்டிய எல்.சி.டி.யில் அதே காட்சி விட்டுவிட்டுத் துள்ளும். கொஞ்சம் உழைக்கத் தயார் என்றால் நாங்கள் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

டியூப் செத்துப்போயிருந்தால் மட்டும் எல்.சி.டி. மானிட்டருக்குப் போங்கள்; அகலத்திரை வேண்டாம். பழைய 20 அங்குல 4:3 மானிட்டர், 1600×1200 புள்ளிகள் கொண்டதாகத் தேடுங்கள். 320×240 படத்தை இரு பக்கமும் சரியாக 5 மடங்கு பெருக்கினால் அதுவே 1600×1200. புள்ளிகள் பிசகாமல் சதுரமாக நிற்கும். பழைய மானிட்டர் உட்கார்ந்திருந்த பிராக்கெட்டின் அதே ஓட்டைகளில் 12 மி.மீ. பிளைவுட்டைத் திருகி, அதில் 100 மி.மீ. வெசா (மானிட்டர் மாட்டுவதற்கான பொதுத் தரம்) ஓட்டைகளில் எல்.சி.டி.யை மாட்டலாம். வாங்கும் முன் ஒரு சோதனை: எல்.சி.டி. ஓடும்போது பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். தானாக எரிந்தால் வாங்குங்கள். பட்டனை அமுக்கினால்தான் எரியும் என்றால், ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும்.

திரையின் திசையையும் கவனியுங்கள். பேக்-மேன் நெட்டுக்குத்துத் திரைக்கான விளையாட்டு: அகலம் 224, உயரம் 288. படுக்கையாக இருக்கும் ஆர்கேட் டியூபில் சுமார் 240 வரிகள்தான் தெரியும். 288ஐ அதில் நசுக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுவிட்ட வரிகளை மாறிமாறி வரையும் இன்டர்லேஸில் நடுங்கும். படுக்கைத் திரை என்றால் படுக்கை விளையாட்டுகளை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் சப்ளை

பெட்டியின் ஸ்விட்ச்சிங் சப்ளை +5, +12, −5 வோல்ட் கொடுக்கும். 5 வோல்ட்டில் 15 ஆம்பியர் வகை பரவலாக இருப்பது. பை ஒன்றுக்கு இது தாராளம். சிக்கல் எதிர்த் திசையில் வரும்: பழைய சப்ளைகள் சில, சுமை மிகக் குறைவாக இருந்தால் நிலையாக நிற்காது. பை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜாமா கனெக்டரின் 3ஆவது பின்னில் மீட்டரை வைத்து அளந்து, சப்ளையில் உள்ள சிறு திருகால் 5.0 முதல் 5.1 வோல்ட்டுக்குள் நிறுத்துங்கள். சப்ளையின் முனையில் 5.1 இருந்து கனெக்டரில் 4.7 வந்தால் இடையில் அழுக்கோ தளர்ந்த திருகோ இருக்கிறது. திருகிக் கூட்டாமல் அதைச் சரிசெய்யுங்கள். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை திரையில் மின்னல் குறியைக் காட்டும். அதன்பின் காரணம் தெரியாமல் நின்று நின்று போகும்.

ஜாமா வழியாக 5 வோல்ட் வரும்போது பையின் யு.எஸ்.பி.-சி துளையிலும் இன்னொரு அடாப்டரைச் செருகக் கூடாது. இரண்டு சப்ளைகளும் ஒன்றோடொன்று மோதும்.

ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும்

ஒவ்வொரு பட்டனுக்குக் கீழேயும் ஒரு மைக்ரோஸ்விட்ச். அதன் மூன்று கால்களில் பொதுக்காலும், அமுக்கினால் இணையும் காலும் மட்டுமே வேலை செய்பவை. பொதுக்கால்கள் எல்லாம் ஒரே கிரவுண்டு வயரில் தொடர்ந்து போகும். பேனலில் பாதிப் பட்டன்கள் ஒன்றாகச் செத்திருந்தால் அந்தத் தொடர் எங்கோ நடுவில் அறுந்திருக்கிறது என்று பொருள். ஸ்விட்ச்களை மாற்றத் தொடங்காதீர்கள்.

பேக்-மேனில் ஜாய்ஸ்டிக் நான்கு திசைக்கு மட்டுமே. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் ஆடினால் மூலையில் திரும்பும்போது இரண்டு திசைகள் ஒன்றாகப் பதிவாகி, பேக்-மேன் திரும்பாமல் நேராகப் போய்ப் பேயிடம் மாட்டும். எமுலேட்டர்மேல் பழி போடும் முன் ஜாய்ஸ்டிக்கின் அடியில் உள்ள தடுப்புத் தகட்டைப் பாருங்கள். பல மாடல்களில் அதைக் கழற்றித் திருப்பி மாட்டினால் நான்கு திசையாகிவிடும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு (1991) ஆளுக்கு ஆறு பட்டன் வேண்டும். ஜாமாவில் இருப்பவை மூன்று. மற்ற மூன்றையும் தனி வயர்க்கட்டாகப் பலகையில் சேர்க்க வேண்டும். பேனலில் அத்தனை ஓட்டைகள் இல்லையென்றால் பழையதைத் துளைக்காமல் அதையே அச்சாக வைத்து 18 மி.மீ. பலகையில் புதுப் பேனல் வெட்டுங்கள். அமெரிக்க வகைப் பட்டனுக்கு 28.6 மி.மீ. ஓட்டை, சான்வா போன்ற ஜப்பானிய வகைக்கு 30 மி.மீ. வயர் முனைகளும் வேறு: முதல் வகைக்கு 4.8 மி.மீ., இரண்டாவதற்கு 2.8 மி.மீ.

ஜே-பேக் அனுப்பும் எழுத்துகள் மேமின் இயல்பு எழுத்துகளோடு ஒத்தவை: காசுக்கு 5, ஸ்டார்ட்டுக்கு 1, பட்டன்களுக்கு இடது கன்ட்ரோல், இடது ஆல்ட், ஸ்பேஸ். இரண்டு ஸ்டார்ட் பட்டன்களையும் சேர்த்து அமுக்கினால் எஸ்கேப். விளையாட்டிலிருந்து வெளியே வரத் தனிப் பட்டன் தேவையில்லை.

மென்பொருளும் ரோம் கோப்புகளும்

மேம் எமுலேட்டரை 1997இல் நிக்கோலா சால்மோரியா வெளியிட்டார். கணினியில் அதன் புதிய பதிப்பே நல்லது. பையில் ரெட்ரோபை அல்லது பேடோசெரா என்ற எமுலேட்டர் தொகுப்பை நிறுவி, அதில் ஃபைனல்பர்ன் நியோ எமுலேட்டரையோ மேமின் பழைய பதிப்பிலிருந்து வந்த மேம் 2003ஐயோ ஓட்டினால் வேகம் கிடைக்கும்.

“கோப்பு இருக்கிறது, விளையாட்டு திறக்கவில்லை” என்பதற்குப் பெரும்பாலும் பதிப்புப் பொருத்தமின்மைதான் காரணம். சிப்புகளை மேலும் சரியாகப் படித்தெடுக்கும்போதெல்லாம் மேம் குழு கோப்புப் பட்டியலைத் திருத்துகிறது. மேம் 2003 எதிர்பார்ப்பது 0.78 பதிப்பின் தொகுப்பை. மேம் 2010க்கு 0.139. ஒன்றின் கோப்பு இன்னொன்றில் ஓடலாம், ஓடாமலும் போகலாம். ஜிப் கோப்புகளை விரிக்காமல் அப்படியே போடுங்கள்.

அடுத்தது தாய்க் கோப்பு. அமெரிக்காவில் மிட்வே வெளியிட்ட பேக்-மேன், மேமின் கணக்கில் ஜப்பானிய மூலமான பக்-மேனின் கிளை. பிரித்துவைத்த தொகுப்பில் கிளைக் கோப்பில் வேறுபடும் சிப்புகள் மட்டுமே இருக்கும். பக்-மேன் ஜிப் பக்கத்தில் இல்லாமல் பேக்-மேன் திறக்காது. நியோ ஜியோ என்ற ஆர்கேட் அமைப்பின் விளையாட்டுகளுக்கு அதன் தொடக்க நிரலான பயாஸ் ஜிப்பும் வேண்டும். கில்லர் இன்ஸ்டிங்க்ட் (1994) போன்றவற்றில் ஹார்டு டிஸ்க் இருந்தது. அதன் படியான சி.எச்.டி. கோப்பு, விளையாட்டின் ரோம் பெயரிலேயே உள்ள தனிக் கோப்புறையில் இருக்க வேண்டும்.

எமுலேட்டர் சட்டப்படியானது, விளையாட்டுகளின் பதிப்புரிமையோ இன்னும் அந்தந்த நிறுவனங்களிடம்தான். ராபி ரோட்டோ, கிரிட்லீ போன்ற சிலவற்றை உரிமையாளர்களின் அனுமதியோடு மேம் தளத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள். பெட்டியைச் சோதிக்க அவை போதும். ‘நூறு விளையாட்டு’ என்று ஜாமா ஓரத்தோடு ஆயத்தமாக விற்கும் போர்டுகளில் பல, உரிமம் பெறாதவை.

ஒலியும் அணைப்பும்

ஜாமா ஸ்பீக்கர் வயர் ஆம்ப்ளிஃபையர் பெருக்கிய ஒலியை எதிர்பார்க்கிறது. உங்கள் பலகையில் அது இல்லையென்றால் 12 வோல்ட்டில் ஓடும் சிறு ஆம்ப் ஒன்றைச் சேருங்கள். மேல் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கும் டியூப்லைட் எரியவில்லை என்றால் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை போதும்.

ஆர்கேட் பெட்டியைச் சுவர் ஸ்விட்சில் அணைப்பது வழக்கம். எஸ்.டி. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் பையை அப்படி அணைத்தால் கார்டு கெடும். மெனுவிலிருந்து முறையாக அணைத்துவிட்டுப் பிறகு ஸ்விட்சைத் தொடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் கார்டை எழுத முடியாத நிலையில் வைத்துவிடுங்கள். எல்லாம் சரியாக ஓடும் நாளன்றே கார்டுக்கு ஒரு நகலும் எடுத்துவையுங்கள்.

கழற்றிய போர்டு

அதை நிலைமின் தடுப்பு உறையில் இடும் முன், மேலே பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்தால் செப்புத் தடங்களைத் தின்றுவிடும். அதை இப்போதே எடுத்துவிடுங்கள். ஆனால் காப்காம் சி.பி.எஸ்.-2 போர்டில் மட்டும் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். அதன் பேட்டரிதான் விளையாட்டைத் திறக்கும் சங்கேதச் சாவியை நினைவில் வைத்திருக்கிறது. பேட்டரி போனால் விளையாட்டும் போகும். சி.பி.எஸ்.-2 தெரிந்தவரிடம் கொடுத்துப் புதிய பேட்டரி போட்டு வாங்கி, மாற்றிய தேதியை உறையின்மேல் எழுதிவையுங்கள்.